எழுதாத ரூலும் ஒரு விடுதலைப் பத்திரமும்

1

போன வருடம் பனி இன்னும் கரையாத ஒரு சனிக்கிழமை காலை, ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியிலிருந்து என் தம்பி மோகன் போன் செய்தான். நான் இங்கே ஓஹையோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே புது அம்பயர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"அக்கா, நைனாவோட முதல் தெவசத்துக்கு வந்துடு. வந்தா அப்படியே ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடலாம்."

"என்ன கையெழுத்து?"

"வீடு, தறி ஷெட்டு எல்லாம் என் பேருக்கு மாத்தணும் இல்ல? அக்கா தங்கச்சிங்க போட்டுக் குடுக்கறதுதான். எல்லாரும் அப்படித்தான் செஞ்சிக்கினு வராங்க."

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. அம்மா நான் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டாள், இப்போது நைனாவும் இல்லை. தறியை ஓட்டுகிறவன் அவன். நான் கடல் கடந்து வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. போனை வைத்துவிட்டு உள்ளே போய், வழக்கமான முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: "இந்த ஆட்டத்தில் புத்தகத்தில் இருக்கிற விதிகள் பாதி. புத்தகத்தில் இல்லாதவை மீதி." சொல்லி முடித்ததும் ஏனோ கையில் இருந்த காபியைக் குடிக்கப் பிடிக்கவில்லை.

2

நகரியில் பிறந்த ஒரு பெண் அமெரிக்காவில் பேஸ்பால் அம்பயர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை. என் வேலை ஒரு மருந்துக் கிடங்கில் சரக்கு பார்ப்பது. என் மகள் அனு சின்ன வயதில் பேஸ்பால் ஆடினாள். குழந்தைகளின் ஆட்டத்துக்கு அம்பயர் கிடைக்கவில்லை, பெற்றோர் யாராவது வாருங்கள் என்றார்கள். என் கணவர் சேகருக்கு எப்போதும் ஷிஃப்ட். நான் போனேன். முதல் ஆட்டத்தில் ஒரு பையனைப் பார்த்து "அவுட்டு" என்று கத்தினேன். கடைசியில் அந்த உகரத்தைக் கேட்டு அவுட் ஆன பையனே சிரித்துவிட்டான்.

அனு சீக்கிரமே ஆட்டத்தை விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் தமிழில் பதில் சொல்வதையும் விட்டாள். நான் மட்டும் மைதானத்தில் தங்கிவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எழுதியிருப்பது ஒன்று, கவுண்டரில் நடப்பது ஒன்று. மைதானத்தில் அப்படி இல்லை. புத்தகத்தைப் பிரித்துக் காட்டினால் எதிரில் நிற்கிற ஆறடி ஆள்கூட வாயை மூடிக்கொண்டு போவான். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகுதான் எழுதாத ரூல்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. ஆடாமல் விட்ட பந்தை நல்ல பந்து என்று அம்பயர் ஸ்ட்ரைக் கொடுத்தது பிடிக்காத பேட்ஸ்மேன், முகத்தைத் திருப்பாமல், பந்து வரும் பக்கம் பார்த்துக்கொண்டே முணுமுணுக்கலாம். திரும்பி நின்று கேட்டால் அவமரியாதை. அப்புறம் பிளேட் துடைப்பது. பேட்ஸ்மேனின் முன்னால் தரையில் பதித்திருக்கும் ஐந்து மூலை வெள்ளைப் பலகைதான் பிளேட். அதற்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர்மேல் பந்து பலமாகப் பட்டுவிட்டால், அம்பயர் உடனே முன்னால் வந்து குனிந்து, பிரஷ்ஷை எடுத்துப் பிளேட்டைத் துடைப்பார். பிளேட்டில் தூசியே இருக்காது. வலி அடங்க அந்தப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று துடைக்கிறார். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. முதல்முறை இதைப் பார்த்தபோது, இந்த நாட்டைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் கொஞ்சம் மாறியது.

இன்னொன்றும் உண்டு. ஒரு டீம் ரொம்பவும் பின்தங்கிவிட்டால், கடைசி நேரத்தில் அம்பயர் ஸ்ட்ரைக் எல்லையைச் சத்தமில்லாமல் பெரிதாக்கிவிடுவார். பிளேட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வருகிற பந்துதான் ஸ்ட்ரைக் என்று புத்தகம் சொல்கிறது. அந்த நேரத்தில் ஒரு சாண் வெளியே போகிற பந்துக்கும் ஸ்ட்ரைக் கொடுப்பார்கள். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். ஆட்டம் சீக்கிரம் முடியும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இதையும் நான் வருடாவருடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

3

தெவசத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே நகரிக்குப் போய்விட்டேன். அது தப்பு. தறிகளின் சத்தத்தில் வளர்ந்தவள்தான், ஆனாலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன், திரும்பி வருவேன். கிடங்கில் சரக்கு சரியாக வந்திருக்குமா என்று நினைப்பேன். ஓஹையோவில் இருக்கும்போது நகரியை நினைப்பவள், நகரியில் ஓஹையோவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தவிப்பை முதலில் கவனித்தவள் மோகனின் மனைவி பிரமிளா. சத்தியவேடு பக்கத்துப் பெண். நகரிக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் பி.இ.டி. டீச்சர்.

"அண்ணி, திருப்பதியில ஜில்லா பொண்ணுங்களுக்கு பேஸ்பால் டோர்னமென்ட் நடக்கப் போவுது. அம்பயருங்களுக்கு மூணு நாள் டிரெயினிங் குடுக்கணும்னு பி.டி. சார் ஆள தேடினு இருக்காரு. நானும் பேர் குடுத்திருக்கேன். நீங்க வந்து சொல்லிக் குடுங்களேன். சும்மா பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகினு இருக்கீங்க."

மறுநாள் காலை இருவரும் திருப்பதி பஸ்ஸில் இருந்தோம்.

பி.டி. சார் என்பவர் ரெட்டப்பா, அங்கே ஒரு காலேஜில் விளையாட்டு ஆசிரியர். தமிழில் ஆரம்பித்து நடுவிலேயே தெலுங்குக்குத் தாவி மறுபடி தமிழுக்கு வருவார். "மேடம், ரூல்ஸ் புக் எல்லாரும் படிச்சேசாரு. மீரு பிராக்டிகல்லா சொல்லுங்க, சாலு" என்றார், சாலு என்றால் போதும். பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிரமிளாவைப் போலப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். முதல் நாள் கையைத் தூக்கி எல்லாரும் "அவுட்டு" என்று கத்தினார்கள். ஊருக்கு வந்து முதல்முறையாக எனக்கு நிம்மதியாக இருந்தது.

புத்தகம் சீக்கிரம் முடிந்தது. எழுதாத ரூலுக்கு வந்தபோதுதான் சண்டை. ஆட்டம் தொடங்கும் முன் பெண்கள் வந்து அம்பயரின் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், அதை விடலாமா கூடாதா என்று ஒரு மணிநேரம் போனது. நான் கூடாது என்றேன். பிளேட் துடைக்கிற வழக்கத்தைச் சொன்னதும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பிறகு, பின்தங்கிய டீமுக்கு ஸ்ட்ரைக் எல்லையைப் பெரிதாக்குவதைச் சொன்னேன்.

பிரமிளா எழுந்து நின்றாள். "அது எதுக்கு அண்ணி?" என்று கேட்டுவிட்டு, "மேடம்" என்று திருத்திக்கொண்டாள்.

"ஆட்டம் எப்படியும் தோல்விதான். இழுத்துக்கினு போவானேன்?"

"தோக்கற டீம்ல கடைசியா ஆட வர்ற பொண்ணுக்கு டோர்னமென்ட் முழுக்க அது ஒண்ணுதான் சான்ஸா இருக்கும். அவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு வேற ரூலு?"

"எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றேன்.

சொன்ன பிறகு அந்த வாக்கியம் காதிலேயே நின்றது. மோகன் போனில் சொன்னதும் அதேதான். பிரமிளாவுக்கு அது தெரியாது. அவள் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பார்த்தால், அவள் என் பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. ரெட்டப்பா சார் டீ வந்துவிட்டது என்றார்.

4

இறுதி ஆட்டம் திருப்பதிக்கும் சித்தூருக்கும். முன்பு ஒரே ஜில்லாவாக இருந்து ஒரே டீமாக ஆடியவர்கள், ஜில்லா பிரிந்த பிறகு எதிரெதிராக நின்றார்கள். பிளேட்டுக்குப் பின்னால் அம்பயராக நின்றது பிரமிளா. தலையில் முகமூடி, நெஞ்சில் கவசம், சுடிதாருக்கு மேலே. மைதானத்து வெயிலில் அவளைப் பார்க்கவே எனக்கு வேர்த்தது.

திருப்பதிப் பெண்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள். சித்தூர் டீமுக்குக் கடைசி வாய்ப்பு மிச்சமிருந்தபோது, ஜெயிப்பது நடக்காத காரியம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரெட்டப்பா சார் என்னிடம் வந்தார்.

"மேடம், கெஸ்ட்டுக்கு இன்னொரு பங்ஷன் இருக்கு. பிரைஸ் குடுத்துட்டு அவர் போகணும். கொஞ்சம் ஸ்ட்ரைக் ஸோன் பெரிசு பண்ணச் சொல்லுங்க. மீரே கிளாஸ்ல செப்பாரு கதா, உங்க ஊர்ல அப்படித்தான்னு."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, வகுப்பில் அப்படிச் சொன்னது நான்தான். நான் எழுந்து, ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வரட்டும் என்று கோட்டருகே போய் நின்றேன். ஆட வந்திருந்தவள் ராமகுப்பத்திலிருந்து வந்த ஓர் ஒல்லிப் பெண். அவள் சுற்றிய மட்டையின் விளிம்பில் உரசிய பந்து, நேராகத் திருப்பதி கேட்சரின் தோளில் போய் இடித்தது. கேட்சர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

பிரமிளா டைம் சொன்னாள். முன்னால் வந்தாள், பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள், பிரஷ்ஷை எடுத்துப் பிளேட்டைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த பிளேட்டை ஒவ்வொரு மூலையாகத் துடைத்தாள். அவசரமே இல்லை. பந்தலிலிருந்து யாரோ தெலுங்கில் சலித்துக்கொண்டார்கள். கேட்சர் மூச்சை இழுத்து விட்டு, முகமூடியைச் சரி செய்துகொண்டாள். அதுவரை துடைத்துக்கொண்டே இருந்தவள், நிமிர்ந்ததும் என்னைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி?"

அந்த ஒல்லிப் பெண் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் யாரென்று தெரியாது. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்றும் தெரியாது.

"ஒண்ணும் இல்ல," என்றேன். "தண்ணி வேணுமா?"

"முடிச்சுட்டுக் குடிக்கறேன்."

ஆட்டம் இன்னும் அரைமணி நேரம் இழுத்தது. புத்தகத்தில் இருக்கிற எல்லையை பிரமிளா ஒரு விரல்கூட நகர்த்தவில்லை. ஒல்லிப் பெண் எல்லைக்கு வெளியே வந்த நாலு பந்துகளைத் தொடாமல் விட்டு, விதிப்படி முதல் பேஸுக்கு நடந்தே போனாள். அடுத்தவள் அடித்தாள், அதற்கடுத்தவளும் அடித்தாள். ஒல்லிப் பெண் ஓடி வந்து புழுதியில் சறுக்கிப் பிளேட்டைத் தொட்டாள். சித்தூருக்கு அந்த ஆட்டத்தில் கிடைத்த ஒரே ரன் அது. தோற்ற டீம் ஜெயித்த டீமைவிட அதிகமாகக் குதித்தது. விருந்தினர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். பரிசுகளை ரெட்டப்பா சாரே கொடுத்தார். எங்களுக்குச் சால்வை போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

5

புத்தூர் வழியாக நகரிக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பிரமிளாவின் கன்னத்தில் முகமூடியின் தடம் இன்னும் மறையவில்லை.

"நீங்க இன்னா சொல்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி. பி.டி. சார் உங்ககிட்ட கைய ஆட்டிப் பேசினு இருந்தத பாத்தேன்."

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?"

"மாட்டேன்." கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க சொல்லாம போனதுல ஒரு சண்டை மிச்சம்."

பஸ் ரேணிகுண்டா தாண்டியது. பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் போறீங்களா?"

"மோகன் காலையில கூட்டினு போறேன்னான்."

"போடாதீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தாத்தா காலத்துல எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. எல்லாம் கூலி. எங்க அப்பாதான் கஷ்டப்பட்டு கொஞ்சம் வாங்கினாரு. அவரு போனதும் எங்க அண்ணனுங்க என்னை கூப்பிட்டாங்க. புடவை வெச்சாங்க, மஞ்சள் குங்குமம் வெச்சாங்க, கையெழுத்து போட்டுக் குடுத்தேன். அப்போ எனக்குக் கல்யாணமான புதுசு. ஆந்திராவுல பொண்ணுக்கும் சம பங்குன்னு சட்டம் எப்பவோ வந்துடுச்சின்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். பணத்துக்காகச் சொல்லல அண்ணி. இப்ப நான் அங்க போனா காபி குடுத்துட்டு, எப்ப கிளம்பறேன்னு கேக்கறாங்க. எங்கம்மாவ ஆஸ்பத்திரியில சேத்தத கூட பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன். உனக்கு இங்க இன்னா இருக்குன்னு ஆயிடுச்சி."

"நான் போட்டுக் கொடுத்தா உனக்குத்தானே நல்லது, பிரமிளா?"

"உங்க தம்பிக்கு நல்லது."

"அப்ப என் பங்கை உன் பேருக்கு எழுதிடறேன்."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. "அது நீங்க குடுக்கற தானம். எனக்கு வேணாம். உங்களுது உங்களுதாவே இருக்கட்டும். அந்த வீட்டுல ஒரு பொம்பள பேரு பத்திரத்துல இருக்கட்டும், அவ்ளோதான் நான் கேக்கறது."

"மோகன் உன்னைத்தான் திட்டுவான்."

"திட்டட்டும். நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. மறைக்க வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் அனுவுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்: நீ அங்கே குடியிருக்கப் போவதே இல்லை, எதற்காக இவ்வளவு யோசிக்கிறாய், கொடுத்துவிடேன்.  பின்னால் கேட்ட தறிச் சத்தத்தை, அது என்ன சத்தம் என்று கேட்டாள். வீடு என்றேன்.

6

பத்திரம் எழுதுகிறவர் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். முதலில் என் பெயரே சரிவரவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, அமெரிக்க பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து. "ரெண்டும் ஒருத்தர்தான்னு ஒரு அஃபிடவிட் போடணும்மா" என்றார். பிறகு தெலுங்கில் அடித்து வைத்திருந்ததை வேகமாகப் படித்தார். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், தெலுங்கு எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் காதில் விழுந்த வார்த்தைகள் புரிந்தன. பிரேமாபிமானமுலதோ, அன்போடும் பாசத்தோடும். இஷ்டபூர்த்திகா, என் முழு விருப்பத்தோடு. பங்கை விட்டுக்கொடுக்கிற இதற்குப் பெயர் தமிழிலும் தெலுங்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான், விடுதலைப் பத்திரம்.

"மோகன், நான் போடப் போறதில்ல."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு எழுத்தரைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூட்டி வந்தான்.

"உனக்கு அங்க வீடு இருக்குது, காரு இருக்குது. இந்தப் பழைய ஷெட்டு உனக்கு இன்னாத்துக்கு அக்கா?"

"இன்னாத்துக்குன்னு எனக்கே தெரியல. நீ அங்கயே இரு, தறி ஓட்டு, வாடகை எதுவும் எனக்கு வேணாம். பேங்க்குல லோன் வாங்கணும்னா கேளு, வந்து கையெழுத்து போடறேன். எழுதிக் குடுக்க மட்டும் மாட்டேன்."

"ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"பேசுவாங்க."

"பிரமிளா சொன்னாளா?"

"சொன்னா. ஆனா முடிவு என்னோடது. அவள திட்டினா அது நியாயமில்ல."

அவன் பைக்கைக் கிளப்பினான், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சின்ன வயதில் அவனை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஓட்டியது நான்.  அதற்கு அடுத்த நாள் தெவசம். பிண்டம் வைக்க அவன் உட்கார்ந்தான், நான் பின்னால் பெண்களோடு நின்றேன். வழக்கமாக, சாப்பிடும்போது எனக்கு முதலில் பரிமாறச் சொல்வான். அன்று சொல்லவில்லை. நான் புறப்படும் நாளில் வாசலுக்குக் கார் வந்து நின்றது, அவன்தான் ஏற்பாடு செய்திருந்தான், ஆனால் ஆளைக் காணோம். பிரமிளா சென்னை ஏர்போர்ட் வரை வந்தாள். வழியில் ஊத்துக்கோட்டையில் இறங்கி டீ குடித்தோம். "ரெண்டு நாள் பேசாம இருந்தாரு. நேத்து ராத்திரி சாம்பார்ல உப்பு இல்லன்னாரு" என்றாள். அது நல்ல செய்தியா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

7

இந்த வருடம் பனி முடிந்து மறுபடி வகுப்பு தொடங்கியது. ஸ்ட்ரைக் எல்லையைப் பெரிதாக்குவதைப் பற்றிச் சொல்லும் இடம் வந்ததும், அப்படிச் செய்யாதீர்கள் என்றேன். பல வருடமாக என்னோடு அம்பயராக இருக்கிற கார்ல் பின்வரிசையிலிருந்து எழுந்தார். பிளம்பிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எல்லாரும் இப்படித்தானே செய்கிறோம், உனக்கு என்ன ஆயிற்று என்றார். கடைசியாக ஆட வருகிற பிள்ளைக்கும் அதே எல்லைதான் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் என் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியாக முடிகின்றன. கார்களில் காத்திருக்கும் பெற்றோர் என்னைப் பார்க்கும் பார்வை நன்றாக இல்லை. கார்ல் என்னோடு ஜோடி சேருவதைக் குறைத்துக்கொண்டார். நான் செய்தது சரியா என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்குள் வாதாடிக்கொண்டே வருகிறேன்.

அனுவுக்கு லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. ஒருநாள் மைதானத்திலிருந்து என்னை அழைத்து வந்தபோது, அப்படியானால் அந்த வீட்டில் தன் பங்கும் உண்டா என்று கேட்டாள். என் காலத்துக்குப் பிறகு உண்டு என்றேன். விசித்திரம் என்றாள். வீட்டுக்கு வந்ததும் போனில் நகரியின் வரைபடத்தைத் திறந்து, தெரு எது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மோகன் மாதக்கணக்கில் பேசவில்லை. பிரமிளாதான் செய்தி சொல்வாள். போன வாரம், நான் கிடங்கில் இருந்தபோது அவன் எண்ணிலிருந்து போன் வந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்து வெளியே ஓடினேன்.

"அக்கா, ஷெட்டு ஓடெல்லாம் ஒழுவுது. எடுத்துட்டு தகரம் போடலாம்னு ஆள வரச் சொல்லி இருக்கேன்."  தொண்டையைச் செருமிக்கொண்டான். "நீ இன்னா சொல்றே?"

அந்த வீட்டைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவன் மட்டுமா, அங்கே பிறந்து வளர்ந்த காலத்தில் நைனாவும்கூட என்னை எதுவும் கேட்டதில்லை. கிடங்கின் வாசலில் லாரிகள் பின்வாங்கும் சத்தத்துக்கு நடுவே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"தகரம்னா சித்திரை வெயிலுக்கு உள்ள நிக்க முடியுமாடா? பிரமிளாவ கேட்டியா?"

"அவளும் இதத்தான் கேக்கறா. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு பேசறீங்க" என்று அலுத்துக்கொண்டான். ஆனால் போனை வைக்கவில்லை.